சட்டக் கல்லூரி பாடகர்கள் கவனத்துக்கு: மியூசிக் டிப்ளமோ முதல் மேடைச் சம்பளம் வரை… விதி என்ன சொல்கிறது?

பைக்குள் ‘பேர் ஆக்ட்’, காதில் ஹெட்செட். சென்னையில் சட்டம் படிக்கும் பலரின் காலை இப்படித்தான் தொடங்குகிறது. உயர் நீதிமன்றத்தை ஒட்டியிருந்த டாக்டர் அம்பேத்கர் அரசு சட்டக் கல்லூரி 2018-ல் புதுப்பாக்கம், பட்டரைப்பெரும்புதூர் என இரண்டாகப் பிரிந்து புறநகருக்குப் போய்விட்டது. நகருக்குள் தங்கியிருப்பவருக்குப் போக ஒரு முழு ப்ளேலிஸ்ட், வர இன்னொன்று.

கேட்பதோடு நின்றால் பிரச்சினையே இல்லை. வாரம் இரண்டு நாள் பாட்டு கிளாஸ், ஒரு யூடியூப் சேனல், முகூர்த்த சீசனில் நண்பர்களின் பேண்டோடு கல்யாண மேடை என்று போகும்போதுதான் கேள்விகள் ஆரம்பிக்கின்றன. “ரெண்டு படகில் கால் வைக்காதே” என்று வீட்டில் சொல்வார்கள். அது அறிவுரை. ஆனால், சில இடங்களில் அது அறிவுரை மட்டுமல்ல, பார் கவுன்சிலின் விதியும்கூட. பல மாணவர்களுக்கு இது கடைசி வருடத்தில்தான் தெரியவருகிறது.

சட்டத்தோடு சேர்த்து மியூசிக் டிப்ளமோ படிக்கலாமா?

இங்கேதான் நிறையப் பேர் சறுக்குகிறார்கள். இப்போது ஒரே நேரத்தில் இரண்டு பட்டப்படிப்புகள் படிக்க யுஜிசி அனுமதிக்கிறது என்பது எல்லோருக்கும் தெரிந்த செய்தி. ஆனால், சட்டப் படிப்புக்கு இந்திய பார் கவுன்சிலின் 2008-ம் ஆண்டு சட்டக் கல்வி விதிகள் தனியாக இருக்கின்றன. அதன் 6-வது விதி, சட்டப் பட்டப்படிப்பில் இருக்கும் மாணவர் அதே நேரத்தில் வேறொரு இளங்கலை, முதுகலை அல்லது சான்றிதழ் படிப்பில் சேரக் கூடாது என்கிறது. அந்தப் படிப்பை நடத்துவது அதே பல்கலைக்கழகமா, வேறு நிறுவனமா என்பது முக்கியமில்லை.

விதிவிலக்குகள் உண்டு. மொழி, கணினி தொடர்பான குறுகிய காலப் பகுதிநேரச் சான்றிதழ் படிப்புகள் அனுமதிக்கப்படுகின்றன. பல்கலைக்கழகத்தின் தொலைதூரக் கல்வி மையம் நடத்தும் படிப்பும் அப்படியே. இசை இந்தப் பட்டியலில் பெயர் சொல்லிக் குறிப்பிடப்படவில்லை. ஆக, ஒரு மாணவர் இசைக் கல்லூரியின் ரெகுலர் சான்றிதழ் வகுப்பில் சேர்ந்தால் சிக்கல். அதே இசையைப் பல்கலைக்கழகத்தின் தொலைதூரக் கல்வி வழியாகப் படித்தால் சிக்கலில்லை. மயிலாப்பூரில் ஒரு டீச்சர் வீட்டு மாடியில் உட்கார்ந்து வர்ணம் கற்றுக்கொள்வதை இந்த விதி தொடவே இல்லை. அங்கே பதிவும் இல்லை, சான்றிதழும் இல்லை.

விதி பழையதுதானே, யார் பார்க்கப் போகிறார்கள் என்று இருந்துவிட முடியாது. 2024 செப்டம்பரில் பார் கவுன்சில் எல்லா சட்டக் கல்லூரிகளுக்கும் ஒரு சுற்றறிக்கை அனுப்பியது. வேறு ரெகுலர் படிப்பில் சேர்ந்திருக்கிறாரா, வேலையில் இருக்கிறாரா என்பதை மாணவரே எழுத்துபூர்வமாக அறிவிக்க வேண்டும் என்றது அது. மதிப்பெண் பட்டியலும் பட்டமும் கைக்கு வருவதற்கு முன்னால் கேட்கப்படும் அறிவிப்பு இது. ஐந்து வருடம் படித்துவிட்டு ஒரு சான்றிதழ் படிப்புக்காக அந்தப் படிவத்தின் முன் விழித்துக்கொண்டு நிற்பது யாருக்கும் வேண்டாம்.

மார்கழியும் செமஸ்டரும்

டிசம்பரில் சபாக்களின் பகல் கச்சேரிகள் பலவும் இலவசம். மாணவருக்கு இதைவிட நல்ல காலம் கிடையாது. பாழாய்ப்போன செமஸ்டர் தேர்வும் பெரும்பாலும் அதைச் சுற்றியேதான் வரும்.

வருகைப் பதிவு விஷயத்தில் 2008 விதிகள் ஒவ்வொரு பாடத்திலும் 70 சதவீதம் கேட்கின்றன. தகுந்த காரணம் இருந்தால் 65 வரை கல்லூரி விட்டுக்கொடுக்கலாம். மாணவர் மொழியில் ‘கண்டொனேஷன்’. கச்சேரி கேட்கப் போனதை எந்த முதல்வரும் தகுந்த காரணமாக ஏற்கப் போவதில்லை. வருகை குறைவு என்பதற்காக சட்ட மாணவரைத் தேர்வு எழுதவிடாமல் தடுக்கக் கூடாது என்று டெல்லி உயர் நீதிமன்றம் 2025 நவம்பரில் சொன்னது உண்மை. அதை நம்பி நவம்பர், டிசம்பரை மொத்தமாக சபாவுக்கு எழுதிவைப்பது துணிச்சல்தான்.

ஐந்தாண்டுப் படிப்பில் மொத்தம் 20 வாரமும், மூன்றாண்டுப் படிப்பில் 12 வாரமும் இன்டர்ன்ஷிப் கட்டாயம். ஒரே ஆண்டில் தொடர்ந்து நான்கு வாரத்துக்கு மேல் போகக் கூடாது என்பதால், விடுமுறைகள் துண்டு துண்டாகக் கரைந்துவிடும். சாதகத்துக்கு மிஞ்சுவது விடியற்காலைதான். ஹாஸ்டல் ரூம்மேட் நல்லவராக இருந்தால்!

கவர் சாங் போட்டால் கேஸ் வருமா?

இந்தக் கேள்விக்குப் பதில் அவர்களின் சிலபஸிலேயே இருக்கிறது, 1957-ம் ஆண்டு காப்புரிமைச் சட்டத்தில். ஒரு சினிமா பாட்டில் மூன்று அடுக்கு உரிமை உண்டு. வரிகள் ஒன்று, மெட்டு ஒன்று, பதிவு செய்யப்பட்ட ஒலி ஒன்று. சொந்தக் குரலில் பாடினால் மூன்றாவது அடுக்கிலிருந்து தப்பிக்கலாம். மற்ற இரண்டும் அப்படியே நிற்கும். நெட்டில் எடுத்த கரோக்கி டிராக்கைப் போட்டுப் பாடினால், அந்த டிராக்குக்கும் ஒரு சொந்தக்காரர் இருப்பார்.

“30 செகண்டுக்குள் இருந்தால் பிரச்சினை இல்லை” என்று எல்லா கல்லூரி கேன்டீனிலும் ஒருவர் சொல்வார். இந்தியச் சட்டத்தில் அப்படி ஒரு நொடிக் கணக்கே இல்லை.

சட்டத்தின் 31-சி பிரிவு கவர் வெர்ஷனுக்கு வழி தருகிறது. ஆனால், அது மாணவருக்கான வழியாகத் தெரியவில்லை. முதல் பதிவு வெளியான ஆண்டு முடிந்து ஐந்து ஆண்டுகள் காத்திருக்க வேண்டும். முன்கூட்டியே அறிவிப்பு கொடுக்க வேண்டும். ஆண்டுக்குக் குறைந்தது 50,000 பிரதிகளுக்கான ராயல்டியைக் கட்ட வேண்டும். கேசட் காலத்து மனதோடு எழுதப்பட்ட பிரிவு இது. ஒலிப்பதிவைப் பற்றித்தான் பேசுகிறது, வீடியோவைப் பற்றி அல்ல.

நடைமுறையில் ரீல்ஸ் போன்ற தளங்கள் தங்கள் லைப்ரரியில் உள்ள பாடல்களுக்கு உரிமம் வாங்கி வைத்திருக்கின்றன. யூடியூப்பில் உரிமையாளர் ‘க்ளெய்ம்’ செய்தால் விளம்பர வருமானம் அவருக்குப் போகும், வீடியோ இருக்கும். ‘ஸ்ட்ரைக்’ வந்தால் கதை வேறு. 90 நாளில் மூன்று வந்தால் சேனலே காலி.

கல்லூரிக்குள் நிம்மதியாகப் பாடலாம். மாணவர்களும் ஆசிரியர்களும் கல்லூரி நிகழ்ச்சியில் பாடுவதை 52-வது பிரிவு விதிமீறலாகக் கருதுவதில்லை. கேட்பவர்கள் மாணவர்கள், ஆசிரியர்கள், பெற்றோர், கல்லூரியோடு தொடர்புடையவர்கள் என்ற வட்டத்துக்குள் இருக்கும்வரை. வெளியாட்களுக்கு டிக்கெட் விற்று நடத்தும் கல்சுரல்ஸுக்கு இந்தக் குடையை நீட்ட முடியாது. கல்யாணமும் அதனோடு சேர்ந்த கொண்டாட்டங்களும் விலக்கில் வருகின்றன. திருமண நிகழ்ச்சிப் பாடல்களுக்கு ராயல்டி கேட்கக் கூடாது என்று மத்திய அரசே 2023 ஜூலையில் பொது அறிவிப்பு வெளியிட்டது.

எந்தப் பாட்டு முழுக்க ஃப்ரீ? எழுதியவர் இறந்த அடுத்த ஆண்டிலிருந்து 60 ஆண்டுகள் உரிமை நீடிக்கும். தியாகராஜரையும் தீட்சிதரையும் யாரும் தடுக்க முடியாது. 1973-ல் மறைந்த பாபநாசம் சிவனின் பாடல்கள் 2033 முடியும்வரை காப்பில் இருக்கும். பாரதியார் தனிக் கதை. அவர் பாடல்களின் உரிமை ஏவி.எம். மெய்யப்பன் கைக்குப் போய், ‘பில்ஹணன்’ படத்தில் பாரதி பாட்டைப் பயன்படுத்தியதற்காக டி.கே.எஸ். சகோதரர்களோடு மோதலாகி, கடைசியில் 1949-ல் அரசே உரிமையை வாங்கியது. இன்று பாரதியின் வரிகள் எல்லோருக்கும் பொது. ஆனால், அந்த வரிக்கு ஒரு இசையமைப்பாளர் போட்ட புது மெட்டு பொது அல்ல. இதை மறந்துதான் பலர் மாட்டுகிறார்கள்.

காது கேட்பதும் சாட்சிதான்

இசை தெரிந்தது சட்டத்துக்கு உதவுமா என்று கேட்பவர்களுக்கு ‘வீரா ராஜ வீரா’ வழக்கைக் காட்டலாம். ‘பொன்னியின் செல்வன் 2’ பாடல் தன் தந்தையும் பெரியப்பா-சித்தப்பா தலைமுறையும் உருவாக்கிய ‘சிவ ஸ்துதி’யிலிருந்து எடுக்கப்பட்டது என்று த்ருபத் பாடகர் ஃபையாஸ் வாசிஃபுதீன் டாகர் டெல்லி உயர் நீதிமன்றம் போனார். இரண்டும் அடாணா ராகம். ராகம் யாருக்கும் சொந்தமில்லை என்பதில் இரு தரப்புக்கும் சண்டை இல்லை. ராகத்துக்குள் கட்டிய குறிப்பிட்ட உருப்படி யாருடையது என்பதுதான் கேள்வி.

2025 ஏப்ரலில் தனி நீதிபதி டாகருக்குச் சாதகமாக இடைக்கால உத்தரவு போட்டு, 2 கோடி ரூபாய் டெபாசிட் கட்டச் சொன்னார். செப்டம்பரில் இரு நீதிபதிகள் அமர்வு அதை ரத்து செய்தது. ஒரு பாடலைப் பாடினார் என்பதாலேயே அவர்தான் அதை இயற்றினார் என்று ஆகிவிடாது என்பது அந்த அமர்வின் பார்வை. குரு வாயால் சொல்ல, சிஷ்யர் காதால் வாங்கும் மரபில் எழுத்து ஆதாரத்துக்கு எங்கே போவது? இந்த இடத்தில் ஸ்வரம் தெரிந்த மாணவர் மற்றவர்களைவிட ஒரு படி முன்னால் நிற்பார். மூட் கோர்ட்டுக்கு இதைவிட நல்ல தலைப்பு கிடைப்பதும் கஷ்டம்.

1977-ல் உச்ச நீதிமன்றம் ஒரு இசை உரிமை வழக்கை முடித்தபோது, நீதிபதி வி.ஆர். கிருஷ்ணய்யர் தனியே ஒரு குறிப்பு சேர்த்தார். இசையமைப்பாளருக்குக் கிடைக்கும் பாதுகாப்பு பாடுபவருக்கு இல்லையே என்ற ஆதங்கம் அது. பாடகர்களுக்கான உரிமை 1994-லும், ராயல்டி பங்கு 2012-லும் சட்டத்துக்குள் வந்தன. ரசிகராகவும் இருந்த ஒருவர்தான் அப்படிக் குறிப்பு எழுதியிருக்க முடியும் என்று தோன்றுகிறது.

கறுப்பு கோட் போட்ட பிறகு?

உண்மையான சிக்கல் இதுதான், ஏனென்றால் பணம். இளம் வழக்கறிஞர்களுக்குச் சென்னை, மதுரை, கோவையில் மாதம் குறைந்தது 20,000 ரூபாயும் மற்ற இடங்களில் 15,000 ரூபாயும் தர வேண்டும் என்று சென்னை உயர் நீதிமன்றம் 2024 ஜூனில் சொன்னது. எத்தனை ஜூனியர்களின் கைக்கு அது வருகிறது என்பது நீதிமன்ற வராண்டாவில் விசாரித்தாலே தெரியும். மேடையில் பாடிச் சம்பாதித்தவருக்கு அந்த வருமானத்தை விட மனம் வராது.

என்ரோல்மென்ட் ஆன நாளிலிருந்து பார் கவுன்சில் நடத்தை விதிகள் பொருந்தும். 47-வது விதிப்படி வழக்கறிஞர் நேரடியாக வியாபாரம் நடத்தக் கூடாது. தன் பெயரில் ஆர்கெஸ்ட்ரா கம்பெனி நடத்துவது இதில் இடிக்கும். 49-வது விதிப்படி முழுநேரச் சம்பள வேலை கூடாது; பள்ளியில் முழுநேர மியூசிக் டீச்சராக முடியாது. ஆனால், 51-வது விதி ஒலிபரப்பு, பத்திரிகை எழுத்து, சட்டம் சாராத பாடங்களையும் கற்பித்தல் ஆகியவற்றுக்கு இடம் தருகிறது. விளம்பரத் தடையும் முழுநேர வேலைத் தடையும் அங்கேயும் உண்டு. எனவே, ரேடியோவில் பாடலாம், மாலையில் நாலு பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுக்கலாம். சம்பளம் வாங்கிக் கச்சேரி பாடுவதைப் பற்றி இந்த விதிகள் பெயர் சொல்லிப் பேசவில்லை.

முன்னுதாரணங்களுக்குப் பஞ்சமில்லை. டி.எல். வெங்கடராம ஐயர் 1944-ல் மியூசிக் அகாடமியின் சங்கீத கலாநிதி, 1954-ல் உச்ச நீதிமன்ற நீதிபதி. டி.கே. பட்டம்மாளுக்குத் தீட்சிதர் கிருதிகளைச் சொல்லிக்கொடுத்தவர். இ. கிருஷ்ணய்யர் வக்கீலாக இருந்துகொண்டே பெண் வேடமிட்டு பரதம் ஆடினார். அந்தக் காலம் வேறு, இன்றைய போட்டி வேறு என்பதையும் சொல்ல வேண்டும்.

மாதத்தில் ஒன்றிரண்டு மேடை என்பது ஒன்று. பேண்டில் நிரந்தர ஒப்பந்தம் என்பது வேறு. இரண்டாவது வகையில் இருப்பவருக்கு 52-வது விதி இருக்கிறது. தொழிலோடு மோதாத, அதன் கண்ணியத்துக்கு ஒவ்வாததாக இல்லாத பகுதிநேரப் பணியை மாநில பார் கவுன்சிலின் ஒப்புதலோடு செய்யலாம் என்கிறது அது. கடிதத்தில் எத்தனை நாள், என்ன நேரம், யாரோடு ஒப்பந்தம் என்பதையெல்லாம் தெளிவாக எழுதி, ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போடுவதற்கு முன்பே கொடுத்துவிடுவது நல்லது. ஒப்புதல் என்று விதி சொல்வது முன்கூட்டிய ஒப்புதலைத்தான்.