தொண்டைப் புண்ணும் இதய நோயும்
சங்கிலிக் கிருமிகளை இனங்காணும் முறை

கூட்டுறவுச் சங்கங்களின் கடன் மனுக்களைப் பரிசீலிப்போர் ஓர் உண்மையை நன்கு அறிவர். விளைச்சல் பொய்த்ததனால் கடன்பட்ட குடும்பங்களும், நூல் விலை ஏறியதனால் கடன்பட்ட குடும்பங்களும் இருப்பதைப் போலவே, வைத்தியச் செலவினால் கடன்பட்ட குடும்பங்களும் உள. முன்னிரண்டு காரணங்களும் பெரும்பாலும் நம் கைக்கு அப்பாற்பட்டவை. மூன்றாவதில் ஒரு பகுதியேனும் நம் கையில் இருக்கிறது. சொற்ப விலையுள்ள மருந்தால் தீரக்கூடிய தொண்டைப் புண்ணைக் கவனியாது விடுவதனால், இதய அறுவைச் சிகிச்சை வரையில் கொண்டு செல்லும் நோய் ஒன்று உண்டு. அந்நோய்க்கு மூலமான கிருமியைப் பற்றிக் காணை வட்டாரத்து நெசவாளரும் உழவரும் அறிந்திருத்தல் நலம் எனக் கருதி இதனை எழுதுகிறோம்.

பெயரும் குடும்பமும்

இக்கிருமிக்கு ஸ்ட்ரெப்டோகாக்கஸ் என்று பெயர். முறுக்கிய சங்கிலி, சிறுமணி என்னும் பொருளுடைய இரு கிரேக்கச் சொற்களின் சேர்க்கை அது. 1874-இல் பில்ராத் என்னும் வியன்னா நகரத்து அறுவை வைத்தியர் இப்பெயரை வழங்கினார். மைக்ராஸ்கோப்பின் கீழ் வைத்துப் பார்த்தால், நூலில் கோத்த பாசிமணிகளைப் போல் இவை வரிசையாகத் தோன்றும். பிரசவித்த தாய்மாரைக் கொன்றுவந்த மகப்பேற்றுக் காய்ச்சலில் இச்சங்கிலிகளைக் கண்டு 1879-இல் உலகுக்குக் காட்டியவர் லூயி பாஸ்டர் ஆவார்.

இக்குடும்பத்தார் அனைவரும் பகைவர் அல்லர். பாலைத் தயிராக்க உதவும் கிருமிகளுள் இவ்வினத்தைச் சேர்ந்ததும் ஒன்று உண்டு. ஆதலின், 'சங்கிலிக் கிருமி இருக்கிறது' என்று அறிவது மட்டும் போதாது. எந்தச் சங்கிலிக் கிருமி என்று அறிதல் வேண்டும்.

பரிசோதனைச் சாலையில் நடப்பது

நோயாளியின் தொண்டையில், உள்நாக்கின் இருபுறமும் உள்ள சதையைப் பஞ்சு சுற்றிய குச்சியால் துடைத்து எடுப்பர். ஆட்டு இரத்தம் கலந்த அகார் என்னும் பாகு உறைந்த தட்டில் அதனைத் தடவி, உடம்பின் உஷ்ணமான 37 டிகிரியில் ஓர் இரவு வைத்திருப்பர். மறுநாள் கிருமிக் கூட்டங்கள் சிறு புள்ளிகளாக முளைத்திருக்கும். புள்ளியைச் சுற்றிலும் இரத்தம் பச்சை நிறமாக மாறியிருந்தால் அஃது ஆல்பா வகை. இரத்தம் முற்றும் கரைந்து தெளிவாக இருந்தால் பீட்டா வகை. மாறுதல் ஏதுமில்லையேல் காமா வகை.

அடுத்து, கூட்டத்தில் ஒரு துளியை எடுத்து ஹைட்ரஜன் பெராக்சைடில் இடுவர். நுரை பொங்கினால் அது திராட்சைக் குலைபோல் கூடும் ஸ்டெபிலோகாக்கஸாக இருக்கலாம். சங்கிலிக் கிருமி நுரைப்பதில்லை. பீட்டா வகையிலும் பல பிரிவுகள் உள. 1933-இல் ரெபெக்கா லான்ஸ்ஃபீல்டு என்னும் அமெரிக்க அம்மையார், கிருமியின் மேலுறையில் உள்ள சர்க்கரைப் பொருளைக் கொண்டு அவற்றை 'ஏ', 'பி', 'சி' எனப் பிரித்தார். இப்பாகுபாடே இன்றளவும் வழங்குகிறது. தொண்டைப் புண்ணையும் அதன் வழியே இதய நோயையும் விளைப்பது 'ஏ' பிரிவு. பாசிட்ராசின் என்னும் மருந்து தோய்ந்த சிறு வில்லையைத் தட்டில் வைத்தால், 'ஏ' பிரிவு அதனைச் சுற்றி வளராது. இம்முறை எளியது, செலவும் குறைவு.

'ஏ.எஸ்.ஓ.' என்னும் இரத்தப் பரிசோதனையைப் பற்றியும் ஒரு வார்த்தை சொல்ல வேண்டும். இக்கிருமி அண்மையில் உடம்பில் புகுந்து சென்றதற்கு அஃது ஓர் அடையாளமே. அந்த எண் உயர்ந்திருப்பதால் மட்டும் ஒருவருக்கு ருமாட்டிக் காய்ச்சல் இருப்பதாக முடிவு கட்டலாகாது. வேறு அறிகுறிகளோடு சேர்த்தே வைத்தியர் அதனைக் கணிப்பார்.

வீட்டில் காண வேண்டிய அடையாளங்கள்

பிள்ளைகளுக்கு வரும் தொண்டை வலியில் பெரும்பாலானவை வைரஸால் வருபவை. அவற்றுக்குப் பெனிசிலின் பயன்படாது. மூக்கொழுகலும் இருமலும் குரல் கம்மலும் சேர்ந்திருந்தால் பெரும்பாலும் வைரஸ் என்று கொள்ளலாம். திடீரெனக் காய்ச்சல் கண்டு, விழுங்க முடியாத வலியும், தொண்டைச் சதையில் சிவப்பும் வெண்படலமும், கழுத்தில் தொட்டால் வலிக்கும் நெறிக்கட்டும் இருந்து, இருமல் இல்லையேல் சங்கிலிக் கிருமியை ஐயுறுதல் வேண்டும். சிறப்பாக ஐந்து முதல் பதினைந்து வயது வரையுள்ள பிள்ளைகளை உடனே வைத்தியரிடம் காட்ட வேண்டும். தறிக்குழியும் அடுப்பும் படுக்கையும் ஒரே அறையில் அமைந்த வீடுகளில், ஒரு பிள்ளையிடமிருந்து மறு பிள்ளைக்கு இஃது எளிதில் தாவும்.

வைத்தியர் எழுதித் தரும் மாத்திரைகள் பத்து நாட்களுக்கு உரியவை. மூன்றாம் நாளே வலி நின்றுவிடும். அத்துடன் மாத்திரையும் நின்றுவிடுகிறது. இங்கேதான் நம்மவர் தவறுகின்றனர். வலி போனதென்றால் கிருமி போயிற்று என்பதில்லை. பத்து நாளும் கொடுக்க இயலாதென்று தோன்றினால் அதனை வைத்தியரிடமே சொல்லிவிடலாம். ஒரே ஊசியாகப் போடும் பென்சதீன் பெனிசிலினும் உண்டு. நோய் கண்டு ஒன்பது நாட்களுக்குள் சிகிச்சை தொடங்கினாலும் ருமாட்டிக் காய்ச்சலைத் தடுக்கலாம் என்பது மருத்துவ நூலார் கண்ட முடிவு.

இதயத்தைத் தாக்கும் விதம்

கவனியாது விட்டவருள் சிலருக்கு, தொண்டை வலி தீர்ந்து இரண்டு மூன்று வாரங்களுக்குப் பின், முழங்காலும் கணுக்காலும் மாறி மாறி வீங்கும். கைகால்கள் தம் வசமின்றித் துள்ளுவதும் உண்டு. கிருமியை எதிர்க்க உடம்பு உண்டாக்கிய படை, கிருமியின் உருவை ஒத்த தன் இதயத் திசுக்களையே பகையென மயங்கித் தாக்குவதால் இது நேர்கிறது. மூட்டு வீக்கம் வடு இன்றி ஆறிவிடும். இதய வால்வில் விழுந்த வடுவோ ஆறுவதில்லை. வால்வின் இதழ்கள் தடித்து ஒட்டிக்கொண்டு, சில ஆண்டுகளில் மூச்சிரைப்பு தோன்றும். பெண்களுக்குப் பிள்ளைப்பேற்றுக் காலத்தில் இது முதன்முதலாக வெளிப்படுவதும் உண்டு.

இந்நோய் தமிழ்நாட்டில் எவ்வளவு பரவியிருந்தது என்பதற்கு வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரியின் ஏடுகளே சான்று. 1956 முதல் 1980 வரை அங்கு ஒட்டிய வால்வைப் பிரித்துவிடும் அறுவைச் சிகிச்சை பெற்ற 3,724 பேரைப் பற்றி, ஸ்டான்லி ஜான் முதலிய வைத்தியர்கள் 1983-இல் ஓர் அறிக்கை வெளியிட்டனர். ஒரே ஆஸ்பத்திரியின் கணக்கு இது. பழுதான வால்வுக்கு மாற்றாகத் திருவனந்தபுரம் ஸ்ரீ சித்திரைத் திருநாள் நிலையம் உள்நாட்டிலேயே ஒரு வால்வை உருவாக்கியது. 1990-இல் முதன்முதலாகப் பொருத்தப்பட்ட அவ்வால்வு, பின்னர்ப் பல்லாயிரவரின் உயிரைக் காத்துள்ளது. ஆயினும் மாற்று வால்வு பொருத்தியவர், இரத்தம் உறையாதிருக்க வாழ்நாள் முழுதும் மாத்திரை உண்ண வேண்டியவராகிறார்.

ஊசித் தவணை

ருமாட்டிக் காய்ச்சல் ஒருமுறை வந்தவருக்கு மீண்டும் வருவது எளிது. ஒவ்வொரு முறையும் வால்வு மேலும் கெடும். அதனைத் தடுக்க மூன்று வாரத்திற்கு ஒருமுறை பென்சதீன் பெனிசிலின் ஊசி போடுகின்றனர். இதயம் பழுதுபடாதவருக்கு ஐந்தாண்டு அல்லது பதினெட்டு வயது வரை, இவற்றுள் எது பிந்தியதோ அதுவரை. பழுதுபட்டவருக்குப் பத்தாண்டு அல்லது இருபத்தைந்து வயது வரை. கடுமையாகப் பழுதுபட்டவருக்கு அதற்கு மேலும் தேவைப்படும். பெனிசிலின் சிலருக்கு ஒவ்வாதாகலின், வைத்தியரின் மேற்பார்வையிலேயே இதனைப் போட்டுக்கொள்ள வேண்டும்.

கடன் தவணை தவறினால் அபராத வட்டியோடு கட்டிக் கணக்கை நேர் செய்யலாம். ஊசித் தவணை தவறியபின் வரும் நட்டத்தை நேர் செய்யும் பேரேடு எதுவும் இல்லை. நாற்று நடவென்றும், கரும்பு வெட்டென்றும், பண்டிகைக் காலத்துச் சேலை நெசவென்றும் வேலை மிகுந்த வாரங்களிலேயே இத்தவணைகள் தவறுகின்றன. ஆதலின் கடன் புத்தகத்தோடு ஊசி அட்டையையும் சேர்த்து வைத்து, அடுத்த தேதியை முன்கூட்டியே குறித்துக்கொள்ள வேண்டும். குடும்பத்தார் விரும்பினால் சங்கக் காரியதரிசி தேதியை நினைவூட்டுதலும் ஒரு கூட்டுறவுப் பணியே.

தோலும் கால்களும்

சிரங்குப் புண்ணிலும் 'ஏ' பிரிவுக் கிருமி குடியேறும். அதன்பின் சில வாரங்களில் பிள்ளையின் முகம் வீங்கிச் சிறுநீர் கருஞ்சிவப்பாக இறங்கினால், அது சிறுநீரக அழற்சியாகலாம்; தாமதியாது ஆஸ்பத்திரிக்குக் கொண்டு செல்க. நம் பகுதியில் யானைக்கால் உள்ளவர்களுக்கு அடிக்கடி நடுக்கலோடு வரும் காய்ச்சலுக்கும் கால் சிவப்புக்கும், விரலிடுக்கு வெடிப்பு வழியே நுழையும் இக்கிருமிகள் பெரிதும் காரணமாகின்றன. சேற்றிலிருந்து கரையேறியவுடன் காலைச் சோப்பிட்டுக் கழுவி, விரலிடுக்குகளை ஈரமின்றித் துடைத்தலே அதற்கு முதல் மருந்து.

பால் சங்கத்தார் கவனத்திற்கு

'பி' பிரிவைச் சேர்ந்த ஸ்ட்ரெப்டோகாக்கஸ் அகலாக்டியே பசுவின் மடிநோய்க்குக் காரணமானது. பாலற்றுப் போதல் என்பதே அப்பெயரின் பொருள். கறப்பவர் கை வழியே ஒரு மாட்டிலிருந்து மறு மாட்டுக்கு இது செல்கிறது. முதற்பீரைக் கறுப்புக் கிண்ணத்தில் கறந்து, திரி திரியாக இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். ஒவ்வொரு மாட்டுக்கும் கை கழுவ வேண்டும். நோயுற்ற மாட்டைக் கடைசியில் கறக்க வேண்டும். மருந்து போட்ட மாட்டின் பாலை, கால்நடை வைத்தியர் குறித்த நாள் வரையில் சங்கத்தில் ஊற்றலாகாது. அம்மருந்து கலந்த பால் தயிராக உறையாது; ஒவ்வாதவர் உடம்புக்கும் தீங்கு செய்யும். ஒருவர் ஊற்றியது அனைவர் பாலையும் கெடுக்கும்.

உதவி கிடைக்குமிடம்

2013 முதல் நடைபெறும் மத்திய அரசின் சிறார் நலத் திட்டத்தின்படி, அங்கன்வாடிகளுக்கும் அரசுப் பள்ளிகளுக்கும் வரும் வைத்தியக் குழு ருமாட்டிக் இதய நோயையும் சோதிக்கிறது. அக்குழு வரும் நாளில் பிள்ளைகளைத் தறி வேலைக்கோ வயல் வேலைக்கோ நிறுத்திக்கொள்ளாது பள்ளிக்கு அனுப்புக. மேற்சிகிச்சைக்கு 2010-இல் முண்டியம்பாக்கத்தில் தொடங்கப்பெற்ற விழுப்புரம் அரசு மருத்துவக் கல்லூரியும், புதுச்சேரி ஜிப்மரும் அண்மையிலேயே உள்ளன. அங்கத்தினர்கள் முதலமைச்சரின் காப்பீட்டுத் திட்ட அட்டையை இப்பொழுதே பெற்று வைத்தல் நன்று.

அடுத்த பேரவைக் கூட்டத்திற்கு ஆரம்பச் சுகாதார நிலைய வைத்தியரை அழைத்து, அரைமணி நேரம் இப்பொருள் பற்றிப் பேசக் கேட்டுக்கொள்ளுமாறு ஒவ்வொரு சங்க நிர்வாகத்தையும் வேண்டுகிறோம். இலாபப் பங்கீட்டைப் பற்றிய விவாதத்திற்கு முன்னரே அதனை நிகழ்ச்சி நிரலில் வைப்பின், தாய்மார்களும் இருந்து கேட்பர்.