சனிப்பெயர்ச்சி இரண்டரை வருஷம்... இம்பாக்ட் ஃபேக்டர் இரண்டே வருஷம்!

‘‘மச்சி, பேப்பர் போட்டாச்சா?’’

‘‘போட்டாச்சுடா!’’

‘‘எந்த ஜர்னல்? ஐ.எஃப். எவ்ளோ?’’

பாரதியார் வீதி டீக்கடையாக இருக்கட்டும், திருவேட்டக்குடி என்.ஐ.டி. கேன்டீனாக இருக்கட்டும்... கம்ப்யூட்டர் சயின்ஸ் படிக்கிற நாலு பேர் சேர்ந்தால் இந்தக் கேள்வி வராமல் போகாது. பத்தாங்கிளாஸில் ‘எத்தனை மார்க்?’ என்று கேட்ட அதே குரல், அதே புருவம். நம்பர் மட்டும்தான் மாறியிருக்கிறது.

‘ஐ.எஃப்.’ என்றால் இம்பாக்ட் ஃபேக்டர். இதைப் புரிந்துகொள்ள காரைக்கால்காரர்களுக்கு ஒரு சுலப வழி உண்டு. பக்கத்திலேயே திருநள்ளாறு இருக்கிறதே! சனி பகவான் ஒரு ராசியில் தங்குவது சுமார் இரண்டரை வருஷம். இம்பாக்ட் ஃபேக்டருக்கு அந்தப் பொறுமைகூட இல்லை. இரண்டே வருஷம்தான்.

கணக்கு இதுதான். ஓர் ஆராய்ச்சி இதழ் 2022, 2023 ஆகிய இரண்டு வருஷங்களில் மொத்தம் 400 கட்டுரை போட்டது என்று வையுங்கள். அந்தக் கட்டுரைகளை 2024-ல் மற்ற ஆராய்ச்சியாளர்கள் தங்கள் கட்டுரைகளில் 400 தடவை மேற்கோள் காட்டினார்கள். 400-ஐ 400-ஆல் வகுத்தால் 1. அந்த இதழின் 2024-ஆம் வருஷ இம்பாக்ட் ஃபேக்டர் 1. அவ்வளவே! 2021-ல் வந்த கட்டுரையை 2024-ல் ஆயிரம் பேர் தூக்கிக் கொண்டாடியிருந்தாலும் இந்தக் கணக்கில் அதற்கு முட்டைதான். ஐந்து வருஷக் கணக்கும் தனியாக உண்டு. ஆனால், கேன்டீனில் யார் அதைக் கேட்கிறார்கள்?

இப்போது நம்ம மேட்டருக்கு வருவோம். ‘தியரிட்டிக்கல் கம்ப்யூட்டர் சயின்ஸ்’ என்றே ஓர் இதழ் இருக்கிறது. 1975-ல் மொரீஸ் நிவா என்ற பிரெஞ்சுக்காரர் தொடங்கியது. (1954 வரை பிரெஞ்சுக்காரர்கள் கையில் இருந்த ஊர் நம்முடையது. அந்தப் பெயரைச் சரியாக உச்சரிக்க நம்ம தாத்தாக்களைக் கேட்டால் தெரியும்!) கணிப்பொறிக் கோட்பாட்டில் உலகம் முழுக்க மதிக்கிற இதழ் இது. அதன் இம்பாக்ட் ஃபேக்டர் பல வருஷங்களாக ஒன்றை ஒட்டியே ஊசலாடுகிறது. புற்றுநோய் மருத்துவத்தில் ஓர் இதழுக்கு அதே எண் இருநூறைத் தாண்டியிருக்கிறது. அப்படியானால் கோட்பாட்டு இதழ் இருநூறு மடங்கு மட்டமா?

காரணம் தரத்தில் இல்லை, துறையின் பழக்கத்தில் இருக்கிறது. மருத்துவத்தில் ஆராய்ச்சி செய்பவர்கள் லட்சக்கணக்கில் இருக்கிறார்கள். புதுசாக ஒரு சிகிச்சை வந்தால் அடுத்த வருஷமே நூறு கட்டுரைகள் அதைச் சொல்லியாக வேண்டும். கோட்பாட்டுத் துறையில் ஆட்கள் கம்மி. கட்டுரைக் கடைசியில் கொடுக்கிற மேற்கோள் பட்டியலும் சின்னது. ஒரு தேற்றத்தைப் படித்து, புரிந்து, அதன்மேல் இன்னொரு தேற்றம் கட்டி, அதை இதழுக்கு அனுப்பி, நடுவர்கள் வரிவரியாகச் சரிபார்த்து வெளியிடுவதற்குள் இரண்டு வருஷம் ஓடியே போய்விடும். இன்னொரு விஷயம்... இந்தத் துறையில் பெரிய முடிவுகள் முதலில் மாநாடுகளில்தான் வெளியாகும். அமெரிக்காவில் 1969-ல் தொடங்கிய ‘ஸ்டாக்’ மாநாடு அதில் ஒன்று. இந்தியாவிலும் 1981-லிருந்து ‘எஃப்.எஸ்.டி.டி.சி.எஸ்.’ என்று நாக்கு சுளுக்குகிற பெயரில் ஒரு மாநாடு வருஷா வருஷம் நடக்கிறது. பலரும் மாநாட்டுக் கட்டுரையையே மேற்கோள் காட்டிவிடுவதால், பின்னால் முழுசாக வரும் இதழ்க் கட்டுரைக்குச் சேர வேண்டிய கணக்கு அங்கேயே கரைந்துவிடுகிறது.

சரி, இதெல்லாம் சும்மா சமாதானம் என்று நினைப்பவர்களுக்கு ஒரு கோலக் கதை.

மார்கழியில் காரைக்காலின் எந்தத் தெருவுக்கும் விடிகாலையில் போய்ப் பாருங்கள். புள்ளி வைத்து, அந்தப் புள்ளிகளைச் சுற்றிக் கம்பி வளைத்து, தொடங்கின இடத்துக்கே வந்து முடிக்கிற கம்பிக்கோலம் போட்டிருப்பார்கள். ஐந்து புள்ளியில் ஒரு கோலம் தெரிந்தவருக்கு அதே கோலத்தை ஏழு புள்ளிக்கும் ஒன்பது புள்ளிக்கும் பெரிதாக்கத் தெரியும். மனப்பாடம் இல்லை, உள்ளே ஏதோ ஒரு விதி ஓடுகிறது. அந்த விதி என்ன?

தாம்பரம் சென்னை கிறிஸ்தவக் கல்லூரியில் இதைக் கேட்டவர்கள் கிஃப்ட் சிரோமணி, ராணி சிரோமணி தம்பதி. கிஃப்ட் புள்ளியியல்காரர். கல்வெட்டு, சிந்துவெளி எழுத்து என்று எதையும் விட்டுவைக்காதவர். ராணி கணிதம். இந்தியாவில் கணிப்பொறிக் கோட்பாட்டுக்கு அடித்தளம் போட்டவர்களில் முன்வரிசை. இவர்களோடு ராணியின் மாணவி கமலா கிருத்திவாசன். பின்னால் சென்னை ஐ.ஐ.டி.யில் பேராசிரியர் ஆனவர்.

அப்போது கணிப்பொறி உலகில் ‘இலக்கணம்’ என்றால் எழுத்துகளை ஒரே வரிசையில் வளர்க்கிற விதிகள். ‘ஓர் எழுத்தை எடுத்துவிட்டு அங்கே மூன்று எழுத்து வை’ என்பது மாதிரி. தியரி ஆஃப் கம்ப்யூட்டேஷன் பேப்பரில் அரியர் வைத்தவர்களுக்கு இது மறக்கவே மறக்காது! இந்த மூவரும் அதை இரண்டு பரிமாணத்துக்கு இழுத்தார்கள். முதலில் படுக்கை வாட்டில் ஒரு வரிசை வளரும். பிறகு அந்த வரிசையின் ஒவ்வோர் எழுத்தும் ஒரே சமயத்தில் கீழ்நோக்கி வளரும். முடிவில் கிடைப்பது சொல் இல்லை, ஒரு படம். 1972-ல் இது வந்தது. 1973-ல் இன்னும் வலுவான விதிகளோடு ‘இன்ஃபர்மேஷன் அண்ட் கன்ட்ரோல்’ இதழில் அடுத்த கட்டுரை. 1974-ல் கோலத்தையே தலைப்பில் வைத்து ஒரு கட்டுரை. வாசல் கோலங்களைக் குடும்பம் குடும்பமாகப் பிரித்து, எந்தக் குடும்பத்தை எந்த வகை இலக்கணத்தால் வரையலாம் என்று காட்டினார்கள்.

இப்போது நம்ம இரண்டு வருஷக் கணக்கைப் போடுங்கள். 1974-ல் வந்த கட்டுரை 1975, 1976 என்ற இரண்டு வருஷத்துக்குத்தான் இம்பாக்ட் ஃபேக்டரில் செல்லும். அதன்பிறகு வந்த எதுவும் கணக்கில் இல்லை. ஆனால், கதை அதன்பிறகுதான் சூடுபிடித்தது! செடிகொடிகள் வளர்வதைக் கணிப்பொறியில் வரைய உதவும் விதிகளைக் கோலத்துக்கும் பொருத்திப் பார்த்தார்கள். அமெரிக்கக் கணிதவியலாளர் மார்சியா ஆஷர் 2002-ல் ‘அமெரிக்கன் சயின்டிஸ்ட்’ இதழில் கோல மரபைப் பற்றி எழுதியபோது, இந்தச் சென்னைக் குழுவின் வேலையை விரிவாகச் சொன்னார். 28 வருஷம் கழித்து! ‘தியரிட்டிக்கல் கம்ப்யூட்டர் சயின்ஸ்’ இதழைத் தொடங்கிய அதே நிவா, 1991-ல் ராணி சிரோமணி, கே.ஜி.சுப்பிரமணியன், வி.ஆர்.தாரே ஆகியோருடன் சேர்ந்து, புதிர்த்துண்டுகளை அடுக்குவதுபோல் படம் வளர்க்கும் இலக்கணத்தைப் பற்றிக் கட்டுரை எழுதினார். தாம்பரம் பாரீஸைத் தேடிப்போகவும் இல்லை, காத்திருக்கவும் இல்லை. வேலை நடந்தது, பேச்சு தானாக வந்தது. ராணி சிரோமணி 2019-ல் மறைந்தார். ‘சிரோமணி மேட்ரிக்ஸ் கிராமர்’ என்ற பெயர் பாடத்தில் இருக்கிறது.

இதைவிட வேடிக்கையான கேஸ் ஒன்று பெங்களூரில் நடந்தது. 1984 டிசம்பரில் அங்கே ஒரு பொறியியல் மாநாடு. சார்லஸ் பென்னட், ஜில் பிராசார்ட் என்ற இருவரின் கட்டுரை அதன் தொகுப்பில் வந்தது. ஒளித்துகள்களை வைத்து, ஒட்டுக்கேட்டால் காட்டிக்கொடுத்துவிடுகிற ரகசியச் சாவியை அனுப்பும் முறை. குவாண்டம் கிரிப்டோகிராஃபி படிக்கிறவர்கள் ‘பி.பி. 84’ என்று செல்லமாகச் சொல்வது இதைத்தான். இதழே இல்லை, இம்பாக்ட் ஃபேக்டரும் இல்லை. ஆரம்ப வருஷங்களில் பெரிசாக யாரும் கண்டுகொள்ளவும் இல்லை. இன்றைக்கு அதன் மேற்கோள் பத்தாயிரத்தைத் தாண்டிவிட்டது. தொகுப்பு கையில் கிடைப்பதே குதிரைக்கொம்பு என்பதால், 2014-ல் நம்ம ‘தியரிட்டிக்கல் கம்ப்யூட்டர் சயின்ஸ்’ இதழ் முப்பது வருஷப் பழைய அந்தக் கட்டுரையை மறுபடி அச்சிட்டது!

அந்த இதழின் பழைய தொகுதிகளைப் புரட்டினால் துறை எந்தப் பக்கம் நகர்ந்தது என்பதும் தெரியும். தொடக்கத்தில் ஆட்டோமேட்டா, மொழி இலக்கணம், புரோகிராம்களின் பொருள் இவைதான் ஆட்சி. 1979-ல் லெஸ்லி வேலியன்ட் ‘பெர்மனன்ட்’ கணக்கு எவ்வளவு கடினம் என்று எழுதினார். 1987-ல் ழான்-ஈவ் ஜிரார் ‘லீனியர் லாஜிக்’ பற்றி எழுதியது சுமார் நூறு பக்கம். கட்டுரையா, புத்தகமா என்று சந்தேகம் வரும்! 1994-ல் கான்பூர் ஐ.ஐ.டி.யில் படித்த ராஜீவ் அலூர், டேவிட் டில்லுடன் சேர்ந்து கடிகாரம் வைத்த ஆட்டோமேட்டாவைப் பற்றி எழுதினார். அதில் உதாரணமே ரயில்வே கேட்தான். ரயில் வருவதற்குள் கேட் மூடுமா, போனதும் திறக்குமா என்பதைத் தேற்றமாகச் சரிபார்ப்பது எப்படி? நாகூர் பக்கம் கேட்டில் பஸ்ஸோடு காத்துக்கிடந்தவர்களுக்கு அதன் அருமை புரியும். பிறகு அல்காரிதம், கிராஃப், கம்ப்ளெக்ஸிட்டி பக்கம் எடை கூடியது. டி.என்.ஏ., குவாண்டம் என்று இயற்கையிடம் கணக்குக் கற்கும் பகுதிக்கு இதழில் தனிப் பிரிவே வந்தது. இத்தனைக்குப் பிறகும் நம்பர் ஒன்றை ஒட்டியே!

அப்படியானால் இந்த நம்பரை யார், எதற்குக் கண்டுபிடித்தார்கள்? நூலகத்துக்காக! 1927-ல் அமெரிக்காவின் பொமோனா என்ற சின்னக் கல்லூரியில் இரண்டு பேர், ‘இருக்கிற காசில் எந்த வேதியியல் இதழ்களை வாங்கலாம்?’ என்று முடிவு செய்ய மேற்கோள்களை எண்ணினார்கள். யூஜின் கார்ஃபீல்ட் 1955-ல் மேற்கோள் அட்டவணைக்கு யோசனை சொன்னார். எந்தெந்த இதழ்களை அந்த அட்டவணையில் சேர்ப்பது என்று தீர்மானிக்கப் பிறந்ததுதான் இம்பாக்ட் ஃபேக்டர். தனி மனிதருக்கு மார்க் போட இல்லை.

இதில் நம்ம டெல்டாவுக்கும் பங்கு இருக்கிறது. காரைக்காலிலிருந்து வடக்கே தரங்கம்பாடி தாண்டிப் போனால் சீர்காழி. 1892-ல் அங்கே பிறந்த எஸ்.ஆர்.ரங்கநாதன் கணித ஆசிரியராக இருந்து, 1924-ல் சென்னைப் பல்கலைக்கழக நூலகர் ஆனார். நூலக வேலையைப் புள்ளியியலால் அளக்கலாம் என்று 1948-ல் இங்கிலாந்து மாநாடு ஒன்றில் சொல்லி, அதற்கு ‘லைப்ராமெட்ரி’ என்று பெயரும் வைத்தார். கார்ஃபீல்ட் 1984-ல் ரங்கநாதனுக்குப் புகழஞ்சலியாகவே ஒரு கட்டுரை எழுதியிருக்கிறார்.

நூலகம் வாங்க வைத்த அளவுகோல் எப்போது வேலைக்கும் பட்டத்துக்கும் வந்து உட்கார்ந்ததோ, அப்போது ஆரம்பித்தது வம்பு. இதழின் சராசரியை வைத்து ஒரு கட்டுரையை எடைபோடக் கூடாது என்று 2012-ல் சான்ஃபிரான்சிஸ்கோவில் விஞ்ஞானிகள் கூடிப் பிரகடனமே போட்டார்கள். இங்கே யு.ஜி.சி. 2022-ல் பிஹெச்.டி. ஆய்வேட்டுக்கு முன் இதழில் கட்டுரை வந்திருக்க வேண்டும் என்ற கட்டாயத்தை எடுத்துவிட்டது. ஆனால், பல்கலைக்கழகங்கள் சொந்த விதி வைத்துக்கொள்ளலாம். அதனால் கேன்டீன் பேச்சு குறைந்தபாடில்லை.

இந்தப் பதற்றத்தைக் காசாக்கத்தான் சிலர் கடை விரித்திருக்கிறார்கள். ‘மதிப்புக்குரிய ஆராய்ச்சியாளரே’ என்று உங்களுக்கும் மெயில் வந்திருக்கும். மூன்றே நாளில் ஏற்பு, சில ஆயிரம் ரூபாய் கட்டணம், பக்கத்திலேயே ‘ஐ.எஃப். 7’ என்று மினுமினுக்கும். தலைவா, கொஞ்சம் நில்லுங்க! நிஜமான இம்பாக்ட் ஃபேக்டரை வருஷா வருஷம் ஜூனில் வெளியிடுவது கிளாரிவேட் நிறுவனம். அந்தப் பட்டியலில் இல்லாத நம்பர் இதழ்க்காரரே போட்டுக்கொண்ட மொட்டைமாடி மகுடம். கோட்பாட்டுக் கட்டுரையை மூன்று நாளில் சரிபார்க்கிறேன் என்று யார் சொன்னாலும் அவர் அதைப் படிக்கப்போவதில்லை என்று அர்த்தம். அந்த இதழின் ஆசிரியர் குழுவில் இருப்பவர்களை ‘டி.பி.எல்.பி.’ தளத்தில் தேடுங்கள். அவர்களே வேறு எங்கே எழுதுகிறார்கள் என்று தெரிந்துவிடும். நீங்கள் உங்கள் கட்டுரைக்காகப் படித்த கட்டுரைகள் எந்த இதழ்களில் வந்தவை என்று பாருங்கள். போக வேண்டிய முகவரி பெரும்பாலும் அங்கேயே இருக்கும்.

படிக்கக் காசு இல்லையே என்பவர்களுக்கு ஒரு நல்ல சேதி. ‘தியரிட்டிக்கல் கம்ப்யூட்டர் சயின்ஸ்’ இதழில் நாலு வருஷத்துக்கு மேல் பழசான கட்டுரைகளை இலவசமாகவே படிக்கலாம். எஃப்.எஸ்.டி.டி.சி.எஸ். கட்டுரைகள் 2008-லிருந்து எல்லோருக்கும் திறந்தே கிடக்கின்றன. 2025-ல் தொடங்கிய ‘ஒரே நாடு ஒரே சந்தா’ திட்டத்தில் அரசு கல்லூரிகளுக்குச் சுமார் 13,000 இதழ்கள் கிடைக்கின்றன. உங்கள் கல்லூரி அதில் பதிவு செய்திருக்கிறதா என்று நூலகரிடம் கேளுங்கள். ஜிரார் கட்டுரையில் கை வைக்க வேண்டாம், நூறு பக்கம், தலை சுற்றும். பெங்களூர் கட்டுரையில் ஆரம்பிக்கலாம். மறுபதிப்பில் மொத்தமே ஐந்து பக்கம்தான். சாயங்காலம் பீச்சில் காற்று வாங்கிக்கொண்டே ஒருமுறை படித்துவிடலாம். புரிய இரண்டு வருஷம் ஆனால் பரவாயில்லை.