மழையில்லாமல் நனையும் வீடு

தாய்மார்கள் பலர் கேட்கிற கேள்வி இது: "ராத்திரி ஒரு சொட்டு மழை பெய்யலே. விடியற்காலம் எழுந்து பார்த்தா பாயெல்லாம் ஈரம். தகரத்திலே ஓட்டையும் இல்லே. இந்தத் தண்ணி எங்கேயிருந்து வருது?"

காற்றிலிருந்துதான் வருகிறது. காற்றில் கண்ணுக்குத் தெரியாத நீராவி எப்போதும் உண்டு. சூடான காற்று அதை அதிகம் தாங்கும். குளிர்ந்த காற்று தாங்காது. 30 டிகிரிச் சூட்டில் ஒரு கன மீட்டர் காற்று சுமார் 30 கிராம் நீராவியைத் தாங்கும். 23 டிகிரிக்கு இறங்கினால் 20 கிராம்தான். மிச்சம் தண்ணீராகி, பக்கத்தில் எது அதிகம் குளிர்ந்திருக்கிறதோ அதில் ஒட்டிக்கொள்ளும். ஐஸ் சிராப் கிளாசின் வெளிப்பக்கம் வேர்ப்பதும் இதனால்தான். கிளாஸ் ஒழுகுவதில்லையே!

மேகமில்லாத இரவில் தகரக் கூரை தன் சூட்டையெல்லாம் வானத்துக்கு விட்டுவிட்டு, வெளிக்காற்றைவிடக்கூடக் குளிர்ந்துவிடும். கீழே ஐந்து பேர் படுத்திருக்கிறார்கள். தூங்கும்போது ஒருவர் மூச்சிலும் வேர்வையிலுமாகக் கால் லிட்டருக்குக் குறையாத தண்ணீரைக் காற்றில் விடுகிறார். போதாததற்குக் கொடியில் ஈரத்துணி. அடுப்பு கேஸ்கூட எரியும்போது தண்ணீரைத்தான் உண்டாக்குகிறது: ஒரு கிலோ எரிந்தால் சுமார் ஒன்றரைக் கிலோ நீராவி. ஈப்போ, தைப்பிங் பக்கம் வெளிக்காற்றே ஈரக்காற்று. இத்தனையும் சேர்ந்தால் தகரம் உள்பக்கம் வேர்க்காமல் என்ன செய்யும்?

தோட்டத்தை விட்டு டவுன் வீட்டுக்குப் போன பிள்ளைகளுக்கு வேறு கதை. அங்கே ஏர்கோன் போட்ட அறையின் ஜன்னல் கண்ணாடி வெளிப்பக்கம் வேர்க்கும். அதனால் கெடுதல் இல்லை. ஆனால் அந்த அறையின் சுவர் மறுபக்கமும் குளிர்ந்திருக்கும். அதை ஒட்டி அடுத்த அறையில் அலமாரி இருந்தால் அதன் முதுகில் பூஞ்சணம் பிடிக்கும். ஏர்கோனை 16-க்கு இறக்கி வைக்க வேண்டாம். அலமாரியை ஒரு சாண் தள்ளி வையுங்கள்.

பூஞ்சணம் என்றால் என்னவென்று ரப்பர் வேலை பார்த்தவர்களுக்குச் சொல்லித்தர வேண்டியதில்லை. சரியாகக் காயாத ஷீட்டை அடுக்கிக் கட்டினால் பூத்துவிடும், கிரேடு இறங்கும். ஸ்மோக் ஹவுஸில் மேலே திறப்பு வைத்ததும் இதற்குத்தான். சூடு மட்டும் போதாது, ஆவி வெளியே போக வழி வேண்டும். ஷீட்டுக்குப் பார்த்த அந்த வழியை நம் பிள்ளைகள் தூங்குகிற அறைக்குப் பார்க்கிறோமா? கொசுவுக்குப் பயந்து கூரையோரச் சந்தையெல்லாம் அட்டை வைத்து அடைத்துவிடுகிறோம். அட்டையை எடுத்துவிட்டு வலை அடியுங்கள். சமைக்கும்போது அடுப்படி ஜன்னல் திறந்திருக்கட்டும். தலையணை, மெத்தையை உச்சி வெயிலில் போடுங்கள். ஈரத்துணியைப் படுக்கிற அறையில் மட்டும் காயப்போடாதீர்கள்.

ஈரமும் பூஞ்சணமும் உள்ள வீடுகளில் இருமல், மூச்சிரைப்பு, ஆஸ்துமா அதிகம் என்று உலக சுகாதார நிறுவனம் 2009-ல் வெளியிட்ட வழிகாட்டி சொல்கிறது. கைக்குழந்தைகளுக்கும் இழுப்பு உள்ளவர்களுக்கும் தொல்லை கூடுதல். சிலர் சாம்பிராணி போடுகிறார்கள். வாடைதான் மறையும், பூஞ்சணம் சாகாது. இழுப்புக்காரப் பிள்ளைக்கு அந்தப் புகை வேறு கெடுதல். கிளினிக்கில் கொடுத்த மருந்தை நிறுத்திவிடாதீர்கள்.

சுவரில் கறுப்பு பிடித்தால் மூக்கில் துணி கட்டிக்கொண்டு, சோப்புத் தண்ணீரில் நனைத்துத் துடையுங்கள். உலர்ந்தபடி தேய்த்தால் தூள் பறந்து நெஞ்சுக்குள் போகும். குளோராக்ஸ் போடுவதானால் தனியாகப் போடுங்கள். கக்கூஸ் கழுவும் ஆசிட்டோடு கலந்தால் விஷவாயு கிளம்பும். பூத்துப்போன தலையணையைத் தூக்கிப் போடுவதே மேல்.

இனி, ஒழுகலா வேர்வையா என்று கண்டுபிடிக்கும் வழி. மழை பெய்தால் மட்டும் சொட்டினால் ஒழுகல். மழையில்லாத விடியலில் சொட்டினால் வேர்வை. சுவரில் தரையிலிருந்து ஈரம் ஏறினால் அது பெரும்பாலும் மண்ணிலிருந்தோ அடைத்த சாக்கடையிலிருந்தோ வருவது. சந்தேகமாக இருந்தால் ஒரு அடிச் சதுரத்தில் பிளாஸ்டிக் தாளை நாலு பக்கமும் டேப் போட்டுச் சுவரில் ஒட்டி, இரண்டு நாள் விடுங்கள். தாளின் வெளிமுகம் நனைந்தால் வீட்டுக்காற்றின் ஈரம். சுவருக்கும் தாளுக்கும் நடுவே நனைந்தால் சுவர் வழியே வருகிற தண்ணீர்.

இந்த வித்தியாசம் முக்கியம். வேர்வையைக் குறைக்க நாமும் கொஞ்சம் செய்யலாம். ஓட்டைக் கூரையும் ஊறும் சுவரும் நம் தலையில் விழக்கூடாது. தோட்டம் கொடுத்த வீடானால் அதைப் பழுதில்லாமல் வைத்திருப்பது முதலாளி கடமை. 1966-ஆம் ஆண்டுச் சட்டத்துக்குப் பதிலாக 1990-ல் வந்த 446-ஆம் சட்டம் அதைச் சொல்கிறது. வாயால் சொல்லிவிட்டு வராதீர்கள். தேதி போட்டு எழுதி ஆபீசில் கொடுத்து, ஒரு பிரதியைக் கிளைத் தலைவரிடம் கொடுங்கள். "எல்லாம் நீங்க விடுற மூச்சுக்காத்துதான்" என்று கிராணி சொன்னால், கையோடு கூட்டிவந்து அந்தப் பிளாஸ்டிக் தாளை உரித்துக் காட்டுங்கள்.