குட்டி ரயிலின் பிளாட்பாரத்தில் கேமரா

தண்டவாளம், நிலையம், பாலம், மலை, ஊர் என எல்லாவற்றையும் ஒரே விகிதத்தில் சுருக்கி மேசைமேல் எழுப்பும் நிலப்பரப்புக்கு மாதிரி ரயில் லேஅவுட் என்று பெயர். உலகெங்கும் பரவலாக இருப்பது எச்ஓ என்னும் அளவு. அதில் ஒவ்வொன்றும் நிஜத்தில் 87-இல் ஒரு பங்கு. 1,435 மில்லிமீட்டர் அகலமுள்ள ரயில் பாதை அங்கே 16.5 மில்லிமீட்டர்தான்.

லேஅவுட்கள் பெரும்பாலும் வீட்டு நிலவறையிலோ மாடி அறையிலோ இருப்பவை. பல வருட உழைப்பில் வளர்ந்தவற்றைத் தூக்கிக்கொண்டு போய்க் காட்ட முடியாது. ஒருவர் கட்டியதை வேறு ஊரில் இருப்பவர் பார்க்கப் புகைப்படமே வழி. அமெரிக்காவில் 1934-இல் தொடங்கிய ‘மாடல் ரயில்ரோடர்’ இதழும், பிரிட்டனில் 1949-இல் தொடங்கிய ‘ரயில்வே மாடலர்’ இதழும் ஆர்வலர்களின் இந்தப் பரிமாற்றத்துக்குக் களம் அமைத்தன.

இந்தப் படங்களை ஒரு கலையாக உயர்த்தியவர்களில் முதன்மையாகச் சொல்லத்தக்கவர் ஜான் ஆலன். 1913-இல் பிறந்த இவர் தொழில்முறைப் புகைப்படக்காரர். கலிஃபோர்னியாவின் மான்டெரே நகரில், வீட்டின் நிலவறை முழுவதையும் நிரப்பிய ‘கோரி அண்ட் டிஃபீட்டட்’ என்னும் கற்பனை மலை ரயில்வேயை எச்ஓ அளவில் கட்டினார். தரையிலிருந்து கூரைவரை எழும்பிய மலைகள், துருவும் கரியும் படிந்த எஞ்சின்கள், இடத்தைப் பெரிதாகக் காட்ட மறைத்து வைத்த கண்ணாடிகள் ஆகியவை அதன் சிறப்புகள். ரயிலையும் மலையையும் கட்டியவரே கேமராவையும் பிடித்ததால், எந்த வளைவு படத்தில் எப்படி விழும் என்பது அவருக்குக் கட்டும்போதே தெரிந்திருந்தது. அவர் எடுத்த படங்கள் இதழ்களில் வந்தன. வார்னி நிறுவனத்தின் மாதிரி ரயில் விளம்பரங்களிலும் இடம்பெற்றன. புத்தம்புதிதாகப் பளபளக்கும் எஞ்சினைவிட, வெயிலும் மழையும் பட்ட எஞ்சினே நிஜமாகத் தோன்றும் என்பதை ஒரு தலைமுறையே அந்தப் படங்களைப் பார்த்துக் கற்றுக்கொண்டது. 1973 ஜனவரியில் ஆலன் மாரடைப்பால் இறந்தார். சில நாட்களிலேயே வீட்டில் தீப்பிடித்து லேஅவுட் அழிந்தது. இன்று அதைப் பற்றித் தெரிந்துகொள்ள முடிவது முக்கியமாக அவர் எடுத்துப் பகிர்ந்த படங்களால்தான். ஆலனைப் பற்றி 1981-இல் லின் வெஸ்ட்காட் என்பவரின் பெயரில் வெளியான நூலும் அந்தப் படங்களின் பலத்தில் நிற்பதே. பிரிட்டனின் ஜான் அஹெர்ன் கட்டிய ‘மேடர் வேலி’ ரயில்வேக்குப் பாக்கியம் அதிகம். அது பெண்டன் அருங்காட்சியகத்தில் இன்றும் பத்திரமாக இருக்கிறது.

நிஜ ரயிலை எடுப்பதும் மாதிரியை எடுப்பதும் ஒன்றல்ல. முதல் சிக்கல் உயரம். பிளாட்பாரத்தில் நிற்பவரின் கண் தரையிலிருந்து சுமார் 1.6 மீட்டர் உயரத்தில் இருக்கிறது என்றால், எச்ஓ உலகில் அது 18 மில்லிமீட்டர். பெரிய கேமராவை மேசைமேல் வைத்தாலும் அதன் லென்ஸின் நடுப்பகுதி 5 சென்டிமீட்டர் உயரத்தில் நிற்கும். அந்தக் குட்டி உலகின் கணக்கில் அது 4 மீட்டருக்கும் மேல். பெட்டியின் கூரையில் ஏறி நின்று பார்ப்பது போன்ற படம்தான் கிடைக்கும். நின்றபடி குனிந்து எடுத்தால் ஹெலிகாப்டரிலிருந்து எடுத்ததாகிவிடும். இங்கே செல்பேசி கைகொடுக்கிறது. அதைத் தலைகீழாகப் பிடித்தால் லென்ஸ் தண்டவாளத்துக்கு மிக அருகே இறங்கிவிடும். பார்ப்பவர் பிளாட்பாரத்திலேயே நிற்பதாக உணர்வார்.

அடுத்தது, தெளிவு. பொருள் லென்ஸை நெருங்க நெருங்க, துல்லியமாகத் தெரியும் பகுதி மெலிந்துகொண்டே போகும். எஞ்சினின் முகப்பு பளிச்சென்றிருக்க, மூன்றாவது பெட்டி மங்கிவிடும். நிஜ ரயிலைச் சற்றுத் தள்ளி நின்று எடுத்தால் முழு வண்டியும் தெளிவாக விழுவது நமக்குப் பழக்கம். அதனால் இந்த மங்கலைக் கண்டதுமே ‘இது பொம்மை’ என்று கண் கண்டுபிடித்துவிடுகிறது. ஃபிலிம் காலத்தில் லென்ஸின் துவாரத்தை ஊசித்துளை அளவுக்குச் சுருக்கி, கேமராவை அசையாமல் நிறுத்தி, நீண்ட நேரம் ஒளியை உள்ளே விட்டு இதைச் சமாளித்தார்கள். துவாரம் மிகவும் சிறுத்தால் ஒளி விளிம்பில் சிதறி, படம் முழுவதுமே லேசாக மழுங்கும். அது அந்த முறையின் விலை. இப்போது ஒரே காட்சியை முன்னிருந்து பின்னாக ஃபோகஸை நகர்த்தி நகர்த்திப் பல படங்களாக எடுக்கிறார்கள். அவற்றில் தெளிவான பகுதிகளை மட்டும் மென்பொருள் பொறுக்கி ஒன்றாக்கித் தருகிறது. இந்தத் துறைக்கு டிஜிட்டல் யுகம் தந்தவற்றில் இதுவே மிகப் பெரியது.

வெளிச்சத்தில் நினைவில் கொள்ள வேண்டியது, சூரியன் ஒன்றுதான் என்பது. அறையின் நான்கு விளக்குகளும் எரிந்தால் ஒரு விளக்குக் கம்பத்துக்கு நான்கு நிழல் விழும். வலுவான ஒரு விளக்கைத் தள்ளி வைத்தால் நிழல்கள் இணையாக விழுந்து வெயில்போல் தெரியும். கேமராவின் ஃப்ளாஷ் ஆழத்தையெல்லாம் தட்டையாக்கிவிடும். அதை அணைத்துவிடுவதே நல்லது. மலைக்குப் பின்னால் சுவிட்சுப் பலகையோ ஜன்னல் திரையோ தெரிந்தால் எல்லா உழைப்பும் வீண். நீலம் பூசிய பலகை ஒன்றைப் பின்னால் நிறுத்தலாம். மலையின் நிழல் ‘வானத்தில்’ விழாதபடி அது விலகி நிற்க வேண்டும்.

கேமரா இரக்கமற்றது. எஞ்சின்மேல் ஒட்டிய 1 மில்லிமீட்டர் தூசு, அந்த உலகில் 9 சென்டிமீட்டர் கட்டி. கட்டடத்தின் அடியில் வெளிச்சம் கசியும் இடுக்கு, வண்ணம் பூசாமல் மின்னும் தண்டவாளத்தின் பக்கவாட்டு என்று நேரில் தெரியாத குறைகள் படத்தில் தெரியும். அதனால்தான் பலர் படத்தை அனுப்புவதற்கு முன், தாங்களே அதைப் பெரிதாக்கிப் பார்த்துத் திருத்திக்கொள்கிறார்கள்.

சக ஆர்வலருக்கு அனுப்பும்போது அழகான ஒரு படம் மட்டும் போதாது. முழு லேஅவுட்டையும் காட்டும் படம், தண்டவாள வரைபடம், கட்டுமானம் பாதியில் இருந்தபோது எடுத்தவை ஆகியவையே பார்ப்பவருக்கு உண்மையில் பயன்படும். மலையின் உள்ளே கம்பி வலையா, தெர்மகோலா என்பதை மேல்பூச்சு முடிந்தபின் எந்தப் படமும் சொல்லாது. அளவு, எந்த நாட்டு ரயில், எந்தக் காலகட்டம், என்ன பொருட்கள் என்ற நான்கு வரிக் குறிப்பு இருந்தால் கேள்விகள் பாதியாகக் குறையும். எஞ்சின் புகையையோ மேகத்தையோ கணினியில் சேர்த்திருந்தால் அதையும் சொல்லிவிட வேண்டும். இல்லையென்றால் அதே விளைவைக் கையால் கொண்டுவர முயலும் புதியவர் வீணாகத் தவிப்பார்.

மாதிரிகள் விலையுயர்ந்தவை. செல்பேசிப் படத்துக்குள் எடுத்த இடத்தின் விவரம் பதிந்திருக்கலாம். அதை நீக்கிவிட்டு அனுப்புவது வீட்டுக்குப் பாதுகாப்பு. பிறருடைய லேஅவுட்டை எடுத்தால் அவரிடம் அனுமதி கேட்டு, கட்டியவர் பெயரோடுதான் பகிர வேண்டும்.