இடிமழையும் மகரந்தமும் ஒரு விமானச் சீட்டும்

2016 நவம்பர் 21, திங்கட்கிழமை. ஆஸ்திரேலியாவின் மெல்பர்ன் நகரில் பகல் வெயில் 35 டிகிரியைத் தாண்டியிருந்தது. மாலை ஆறு மணி வாக்கில் மேற்கிலிருந்து இடியும் பலத்த காற்றுமாக ஒரு புயல் முகம் நகரத்தைக் கடந்து போனது. வெப்பம் மளமளவென்று இறங்கியது. வெந்து கிடந்த ஊர் ஆசுவாசப்பட்டிருக்க வேண்டிய நேரம் அது. ஆனால் மக்களுக்கு மூச்சு முட்டத் தொடங்கியது. ஆம்புலன்ஸ் கேட்டு அழைப்புகள் குவிந்தன. அடுத்த முப்பது மணி நேரத்தில், வழக்கமாக வருபவர்களைவிட மூவாயிரத்துக்கும் மேற்பட்டோர் கூடுதலாக மூச்சுத்திணறலோடு அவசரப் பிரிவுகளுக்கு வந்தார்கள். பத்துப் பேர் இறந்துபோனார்கள்.

வந்தவர்களில் பெரும்பாலோருக்கு ஆஸ்துமா இருப்பதாக எந்த மருத்துவரும் அதுவரை சொன்னதில்லை. வசந்த காலத்தில் தும்மலும் கண்ணரிப்பும் வரும், அவ்வளவுதான். இன்னொன்றும் தெரியவந்தது. மெல்பர்னின் மக்கள்தொகையில் தங்களுக்குள்ள பங்கைவிட மிக அதிக விகிதத்தில், இந்தியாவிலும் இலங்கையிலும் பிறந்தவர்கள் பாதிக்கப்பட்டிருந்தார்கள். அந்த நகரத்தில் உறவினர் இருக்கும் தமிழ்க் குடும்பங்கள் ஏராளம் என்பதால் இதை அழுத்திச் சொல்கிறேன்.

என்ன நடந்தது? நகரின் வடக்கிலும் மேற்கிலும் பரந்த மேய்ச்சல் வெளிகள் உள்ளன. அங்கே ரைகிராஸ் என்னும் புல் நவம்பரில் பூத்து மகரந்தத்தைக் காற்றில் கொட்டும். அந்த மகரந்தத் துகள் ஒரு மில்லிமீட்டரில் ஏறத்தாழ முப்பதில் ஒரு பங்கு அளவுடையது. நுரையீரலுக்கு அது பெரிது, மூக்கிலேயே தங்கித் தும்மலை உண்டாக்கிவிட்டு நின்றுவிடும். ஆனால் ஈரம் பட்டால் அது வெடிக்கும். உள்ளேயிருந்து நூற்றுக்கணக்கான மாவுச்சத்துத் துணுக்குகள் வெளியேறும். அவை ஒவ்வொன்றும் மூச்சுக்குழாயின் கடைசிக் கிளைவரை போகுமளவுக்கு நுண்ணியவை, ஒவ்வாமையைத் தூண்டும் புரதத்தையும் சுமந்து செல்பவை. இடிமேகத்துக்குள் ஏறும் காற்று மகரந்தத்தை மேலே இழுக்கிறது. மேகத்திலிருந்து இறங்கும் குளிர்காற்று தரையில் மோதிப் பக்கவாட்டில் பரவும்போது, உடைந்த துணுக்குகள் மனிதர்கள் மூச்சு விடும் உயரத்திலேயே அடர்த்தியாகச் சேர்ந்துவிடுகின்றன. இதற்கு 'இடிமழை ஆஸ்துமா' என்று பெயர். 1983இல் இங்கிலாந்தின் பர்மிங்ஹாமிலும் 1994இல் லண்டனிலும் இதே போல நடந்திருக்கிறது. ஆயினும் பெரும்பாலான இடிமழைகள் யாரையும் தொடாமல் போய்விடுகின்றன. எந்த மழை ஆளைக் கொல்லும் என்பதைப் பிரித்தறிவதுதான் சவால்.

அதை வானிலை ஆய்வாளர் தனியாகச் செய்ய முடியாது. அவருக்குக் காற்றின் போக்கு தெரியும், புல் எப்போது பூக்கும் என்பது தெரியாது. தாவரவியலாளருக்குப் புல் தெரியும், நுரையீரல் தெரியாது. மருத்துவருக்கு நோயாளி வந்த பிறகுதான் விஷயமே தெரியும். இந்தப் பேரிடருக்கு அடுத்த ஆண்டு, 2017இல், விக்டோரியா மாநிலம் இடிமழை ஆஸ்துமா முன்னறிவிப்பைத் தொடங்கியது. மகரந்தக் கணிப்பும் காற்றுக் கணிப்பும் மருத்துவத் தரவும் ஒரே மேசைக்கு வந்ததால்தான் அது முடிந்தது.

வானிலை உயிர்களை என்ன செய்கிறது என்று ஆராயும் இந்தத் துறை உயிர்வானிலையியல். இதற்கான பன்னாட்டுச் சங்கம் 1956இல் பாரிஸில் யுனெஸ்கோ தலைமையகத்தில் பிறந்தது. அதைத் தொடங்கியவர்களைப் பார்த்தாலே துறையின் தன்மை புரியும். சோல்கோ ட்ரோம்ப் நெதர்லாந்தைச் சேர்ந்த நிலவியலாளர். உங்கேஹொயர் ஜெர்மனியின் வானிலையாளர். முதல் தலைவரான சார்ஜென்ட் அமெரிக்க உடலியங்கியல் அறிஞர். பாறையையும் மேகத்தையும் உடம்பையும் படித்த மூவர். இன்றும் பல்கலைக்கழகங்களில் இதற்கென்று தனித் துறை காண்பது அரிது. ஒருவர் வேளாண்மையில் இருப்பார், ஒருவர் கால்நடை மருத்துவத்தில், ஒருவர் புவியியலில், இன்னொருவர் கட்டடக்கலையில். தம் வேலை இன்னொரு துறையில் பாதி முடிந்து கிடப்பதே தெரியாமல் தனித்தனியாக உழைத்துக்கொண்டிருப்பார்கள். மூன்று ஆண்டுகளுக்கு ஒருமுறை கூடும் இச்சங்கத்தின் மாநாடுதான் அவர்கள் சந்திக்கும் இடம். அங்கே வர வசதியில்லாத இளம் ஆய்வாளர்களுக்காக, ட்ரோம்பின் பெயரில் அமைந்த அறக்கட்டளை பயண விருதுகள் வழங்கியிருக்கிறது.

பயண விருது என்றதும் பதக்கமும் பொன்னாடையும் நினைவுக்கு வரக்கூடும். இது அப்படிப்பட்டதல்ல. முனைவர் பட்டத்துக்குப் படிப்பவரோ, பட்டம் பெற்றுச் சில ஆண்டுகளே ஆனவரோ தம் ஆய்வின் சுருக்கத்தை அனுப்புகிறார். தேர்ந்தெடுக்கப்பட்டால் விமானச் சீட்டு, மாநாட்டுப் பதிவுக் கட்டணம், தங்கும் செலவு ஆகியவற்றில் ஒரு பகுதியோ முழுமையோ கிடைக்கும். ஆய்வகங்கள் கருவிக்குச் செலவிடும் தொகையோடு ஒப்பிட்டால் இது சொற்பம். ஆனால் அந்தச் சொற்பத் தொகை எந்தக் கேள்விகள் கேட்கப்படும் என்பதையே மாற்றிவிடும் என்று நான் உறுதியாக நம்புகிறேன். அதற்குக் காரணங்கள் இந்தத் துறையின் வரலாற்றிலேயே இருக்கின்றன.

வெயில் மனித உடலை எவ்வளவு வருத்துகிறது என்பதை ஒரே எண்ணால் சொல்ல ஓர் அளவுகோல் உண்டு. வெப்பநிலை, ஈரப்பதம், காற்று, கதிர்வீச்சு ஆகிய நான்கையும் சேர்த்து, உடம்பு உணரும் வெப்பம் இத்தனை டிகிரி என்று அது சொல்லும். இருபதுக்கும் மேற்பட்ட நாடுகளின் அறிஞர்கள் பல ஆண்டுகள் பாடுபட்டு 2009 வாக்கில் அதை உருவாக்கினார்கள். அருமையான வேலை, ஐயமில்லை. அதன் கணக்குக்குள் ஒரு மாதிரி மனிதர் இருக்கிறார். அவர் மணிக்கு நான்கு கிலோமீட்டர் வேகத்தில் நடக்கிறார். வெயில் ஏற ஏற உடையைக் குறைத்துக்கொள்கிறார். அவர் எந்த வெப்பத்தில் எதை உடுத்துவார் என்பது முக்கியமாக ஐரோப்பியர்களின் பழக்கத்திலிருந்து எடுக்கப்பட்டது. மே மாதத்தில் சேலைக்கு மேல் முழுக்கைச் சட்டை மாட்டி, தலையில் துண்டு கட்டி நாற்று நடும் பெண் அந்தக் கணக்குக்குள் இல்லை. யாரும் வேண்டுமென்று அவரை விலக்கவில்லை. அவரைப் பற்றிய அளவுகளோடு அளவுகோலை உருவாக்கிய அறைக்குள் வந்தவர்கள் குறைவாக இருந்தார்கள்.

மாடுகளுக்கும் இதே கதைதான். வெப்பத்தையும் ஈரப்பதத்தையும் சேர்த்த குறியீடு 72ஐத் தாண்டினால் கறவை மாடு தீனியைக் குறைக்கும், பாலும் குறையும் என்று பாடநூல்கள் சொல்கின்றன. அந்த 72 ஐரோப்பிய வழி வந்த மாடுகளை வைத்து அமெரிக்காவில் கண்டது. காங்கேயமும் உம்பளச்சேரியும் அதே எல்லையில் தளர்ந்துவிடுவதில்லை. திமில் இன மாடுகளின் தோல் நன்றாக வியர்க்கும், உடலுக்குள் உண்டாகும் வெப்பமும் குறைவு.

மனிதனுக்கு எல்லை எது? 2010இல் ஸ்டீவன் ஷெர்வுட், மேத்யூ ஹ்யூபர் என்ற இரு அறிஞர்கள் ஈரக்குமிழ் வெப்பநிலை 35 டிகிரி என்றார்கள். வெப்பமானியின் குமிழில் ஈரத்துணியைச் சுற்றினால் அது காட்டும் அளவுதான் ஈரக்குமிழ் வெப்பநிலை. காற்று ஏற்கெனவே ஈரத்தால் நிறைந்திருந்தால் துணி உலராது, அளவும் இறங்காது. நம் வியர்வைக்கும் அதே கதி. 35இல் ஆறு மணி நேரம் இருந்தால் நிழலில் சும்மா உட்கார்ந்திருக்கும் ஆரோக்கியமான மனிதரும் பிழைப்பது கடினம். இது கணக்கில் வந்த முடிவு. பின்னர் அமெரிக்காவின் பென்சில்வேனியா மாநிலப் பல்கலைக்கழகத்தில் இதை உண்மையான உடம்புகளில் சோதித்தார்கள். உடலின் உள் வெப்பத்தை வானொலி அலையில் அனுப்பும் ஒரு மாத்திரையை விழுங்கிவிட்டு, இளைஞர்கள் ஓர் அறைக்குள் லேசாக உழைத்தார்கள். அறையின் ஈரத்தையோ வெப்பத்தையோ சிறிது சிறிதாக ஏற்றினார்கள். 2022இல் வெளியான முடிவு அதிர்ச்சியாக இருந்தது. ஈரக்குமிழ் அளவு 30, 31 டிகிரியை எட்டும்போதே உள்வெப்பம் கட்டுக்கு அடங்காமல் ஏறத் தொடங்கியது. முதியவர்களுக்கும் நோயாளிகளுக்கும் எல்லை இன்னும் கீழேதான் இருக்கும்.

பென்சில்வேனியா குளிர்ந்த ஊர். பிறந்ததிலிருந்து வெக்கையில் வாழ்ந்து பழகிய உடம்புக்கு எல்லை எங்கே? இந்தக் கேள்விக்கு வெப்ப நாடுகளிலிருந்துதான் பதில் வர வேண்டும், வரத்தான் செய்கிறது. சென்னை ஸ்ரீ ராமச்சந்திரா நிறுவன ஆய்வாளர்கள் தமிழ்நாட்டின் உப்பளங்களுக்குப் போய், வெயில் தொழிலாளர்களின் சிறுநீரகத்தை என்ன செய்கிறது என்று அளந்தார்கள். வயலிலும் செங்கல் சூளையிலும் வேலை செய்தவர்கள் உட்பட 800 கர்ப்பிணிகளைத் தொடர்ந்து கவனித்தார்கள். கடும் வெப்பத்தில் உழைத்த பெண்களுக்குக் கருச்சிதைவு ஆபத்து இரண்டு மடங்கு இருந்தது. உலகம் இதைக் கவனித்தது. இப்படிப்பட்ட வேலையைச் செய்யும் இளைஞர் இன்னும் நூறு பேர் வேண்டும், அவர்கள் மாநாட்டு மேடையில் நின்று பேசவும் வேண்டும்.

வெப்பம் மட்டுமல்ல, காலம் தவறுவதும் உயிர்களை வீழ்த்தும். 1735இலேயே பிரான்ஸின் ரெயோமூர், ஒவ்வொரு நாளின் வெப்பத்தையும் கூட்டிக்கொண்டே போனால் பயிர் எப்போது முதிரும் என்று தெரியும் எனக் கண்டார். செடிக்கும் பூச்சிக்கும் நாட்காட்டி இந்த வெப்பக் கூட்டுத்தொகைதான். ஆனால் பறவைகளில் பல பகல் நீளத்தைப் பார்த்துப் புறப்படுகின்றன. கறுப்பு வெள்ளை ஈப்பிடிப்பான் மேற்கு ஆப்பிரிக்காவில் குளிர்காலத்தைக் கழித்துவிட்டு, குஞ்சு பொரிக்க நெதர்லாந்துக்கு வரும். வசந்தம் முந்திக்கொண்டதால் ஓக் மரம் முன்கூட்டித் தளிர்த்தது, தளிரைத் தின்னும் புழுவும் முன்கூட்டி வந்து போனது. ஆப்பிரிக்காவில் இருந்த பறவைக்கு அது தெரிய வழியில்லை. அது வந்து சேர்ந்தபோது குஞ்சுகளுக்கு இரை இல்லை. புழுக்காலம் மிகவும் முந்திய காடுகளில் இருபது ஆண்டுகளில் பத்தில் ஒன்பது பங்கு ஈப்பிடிப்பான்கள் குறைந்துவிட்டதாக நெதர்லாந்து ஆய்வாளர்கள் 2006இல் அறிவித்தார்கள். ஆப்பிரிக்காவில் குளிர்காலத்தையும் ஐரோப்பாவில் கோடையையும் கழிக்கும் பறவையை ஒரு நாட்டிலிருந்து மட்டும் படிக்க முடியுமா? இந்தியாவில் மரங்களின் தளிரையும் பூவையும் பள்ளிப் பிள்ளைகளும் பொதுமக்களும் பதிவு செய்யும் 'சீசன்வாட்ச்' திட்டம் 2010 முதல் நடக்கிறது. கேரளத்தில் கொன்றை விஷுவுக்கு வெகு முன்பே பூத்துவிடுவதை அவர்கள் குறிப்புகள் காட்டுகின்றன. இந்தக் குறிப்புகளை ஐரோப்பாவின் நூற்றாண்டுப் பதிவுகளோடு ஒப்பிட்டுப் பேச ஓர் இளம் ஆய்வாளர் நேரில் போக வேண்டும்.

இணையத்தில் பேசலாமே என்பார்கள். கொரோனா காலத்தில் மாநாடுகள் இணையத்துக்கு மாறின, உரைகளைக் கேட்க அது போதுமானதாகவும் இருந்தது. ஆனால் இளையவருக்கு மாநாட்டின் பலன் உரையைக் கேட்பதில் இல்லை. தம் ஆய்வை ஒரு தாளில் பெரிதாக அச்சடித்துச் சுவரில் ஒட்டிவிட்டு அதன் அருகில் நிற்கும் இரண்டு மணி நேரத்தில் இருக்கிறது. போகிறபோக்கில் ஒரு பேராசிரியர் நின்று, உங்கள் கருவி வெயிலில் நேராக நின்றதா, நிழலில் நின்றதா என்று கேட்பார். அந்த ஒரு கேள்வி ஆய்வேட்டின் ஓர் அத்தியாயத்தைக் காப்பாற்றிவிடும். விமானம் கக்கும் கரியைப் பற்றிய கவலையும் நியாயமானது, காலநிலையைப் படிப்பவர்களுக்கு அது கூடுதலாகவே உறுத்தும். அப்படியானால் முதலில் குறைக்க வேண்டியது ஆண்டுக்குப் பல முறை பறக்கும் மூத்தவர்களின் பயணங்களை. முதல் முறை பாஸ்போர்ட் எடுப்பவரின் பயணத்தில் கை வைக்கக் கூடாது.

இந்த விருதுகளில் எனக்கு ஒரு மனக்குறையும் உண்டு. பல இடங்களில் பணம் பயணம் முடிந்த பிறகுதான் கைக்கு வருகிறது. முதலில் சீட்டு எடு, விசா கட்டணம் கட்டு, விடுதிக்குக் கொடு, பிறகு ரசீதுகளை அனுப்பு என்பது நடைமுறை. மாத உதவித்தொகையில் வீட்டுக்கும் அனுப்பிவிட்டு மிச்சத்தில் வாழும் மாணவருக்கு இது கடன் வாங்கிப் போ என்பதற்குச் சமம். ஏற்கெனவே வசதியுள்ளவருக்கே விருது பயன்படும் நிலை இதனால் வருகிறது. விசா நேர்காணலுக்குத் தேதி கிடைப்பதற்குள் மாநாடு முடிந்துபோவதும் உண்டு. தொகையில் பாதியையாவது முன்பணமாகக் கொடுப்பதும், முடிவை ஆறு மாதம் முன்பே அறிவிப்பதும் நடத்துபவர்களால் செய்யக்கூடிய காரியம்தான்.

வேளாண் பல்கலைக்கழகத்திலோ, கால்நடை, மீன்வளக் கல்லூரியிலோ, ஏதோ ஒரு ஊர்க் கல்லூரியின் தாவரவியல் துறையிலோ வெயிலையும் மழையையும் உயிர்களோடு சேர்த்துப் படித்துக்கொண்டிருக்கும் மாணவர்களே, பன்னாட்டு உயிர்வானிலையியல் மாநாடுகளின் அறிவிப்புகளைத் தவறாமல் பாருங்கள். ஆங்கிலம் சரளமாக வராதே என்று தயங்காதீர்கள். உப்பளத்தில் நின்று எடுத்த ஓர் அளவு, வேறு யாரிடமும் இல்லாத அளவு. வழிகாட்டிப் பேராசிரியர்களே, பரிந்துரைக் கடிதத்தைக் கெடு நாளுக்கு ஒரு வாரம் முன்பே எழுதிக் கொடுத்துவிடுங்கள்.