எடை போட்டாங்க, எங்களைக் கேக்கல

மீஞ்சூர்ப் பக்கம் மூணு ஏக்கர்ல இயற்கைவழி உழவு செய்கிறேன். சனிக்கிழமைதோறும் கீரை, கைக்குத்தல் அரிசி, செக்கு எண்ணெய் ஏற்றிக்கிட்டு அடையாறு பக்கம் விற்கப் போவேன். போகிற வழியில் திருவொற்றியூரில் தங்கச்சி வீடு. டீ குடிக்க மட்டும் நிற்பேன். அந்தத் தெருவில் ஒரு கட்டுக் கீரைகூட விற்றதில்லை. 'இவங்க எங்க வாங்கப் போறாங்க' என்கிற நினைப்புதான்.

தங்கச்சி மகனுக்கு வயசு பதினொண்ணு. போன வருசம் ஒரு முகாமில் எடை போட்டு, "ரொம்ப அதிகம், குறைங்க" என்று ஒரு சீட்டு கொடுத்தார்கள். அந்தச் சீட்டைக் கூட்டாளிகள் பார்த்துவிட்டார்கள். 'குண்டா' என்று பேர் வந்தது. அதோடு பையன் விளையாடப் போவதை நிறுத்திவிட்டான். குறைக்கச் சொன்ன சீட்டே அவனை வீட்டுக்குள் உட்கார வைத்தது.

எதிர்வீட்டு அம்மா காசிமேட்டில் மீன் எடுத்து விற்கிறவர். "ஏம்பா, வர்றாங்கோ, எடை போடறாங்கோ, எழுதறாங்கோ, போறாங்கோ. புள்ள இன்னா சாப்புடுது, ஏன் அத்த சாப்புடுதுன்னு ஒருத்தரும் எங்கள கேக்கல" என்றார். எனக்குச் சுருக்கென்றது. நானும் கேட்டதில்லையே!

அன்று வியாபாரம் முடிந்து திரும்புகையில் மாடிப்படியில் உட்கார்ந்து கேட்டேன். ஏழெட்டு அம்மாமார்கள் கூடிவிட்டார்கள். மீன் ஏலத்துக்கு விடியுமுன்னே கிளம்பணும், காலையில் அடுப்பு எரியாது, பிள்ளை கையில் பத்து ரூபாய் கொடுத்துவிட்டுப் போவோம் என்றார் ஒருவர். அந்தப் பத்து ரூபாய்க்குத் தெருவில் கிடைப்பது சிப்ஸ் பாக்கெட்டும் கலர் தண்ணியும். சைக்கிள் ஓட்டலாமே என்றேன். "எண்ணூர் விரைவுச்சாலைல கண்டெய்னர் லாரி நிக்கற வரிசைய பாத்தியாண்ணா?" என்றாள் தங்கச்சி.

இன்னொன்றும் சொன்னாள். கடன் வாங்கித்தான் மகனை இங்கிலீஷ் மீடியத்தில் சேர்த்திருக்கிறாள். அரசுப் பள்ளியில் மதியம் சத்துணவு, முட்டை உண்டு. 2022 செப்டம்பரில் ஒன்று முதல் ஐந்தாம் வகுப்பு வரை காலை உணவும் தொடங்கியது. தனியார் பள்ளியில் இது எதுவும் இல்லை.

இதைக் கேட்டதும் பழைய ஆய்வு ஒன்று ஞாபகம் வந்தது. சென்னை நீரிழிவு ஆராய்ச்சி நிறுவனத்தார் 51 பள்ளிகளில் 18,955 பிள்ளைகளை எடை போட்டு 2014-ல் வெளியிட்டது. தனியார் பள்ளிகளில் 100-க்கு 21.4 பேர் கூடுதல் எடை அல்லது பருமன். அரசுப் பள்ளிகளில் 3.6 பேர். படித்தபோது 'பணக்கார வீட்டுப் பிரச்சினை' என்று தள்ளிவிட்டேன். மாடிப்படியில்தான் புரிந்தது, தனியார் பள்ளிப் பிள்ளை என்றால் பணக்காரப் பிள்ளை என்று அர்த்தமில்லை. எண்ணை ஆய்வாளர் தருகிறார். அதன் காரணம் அந்த வீட்டு அடுப்படியில் இருக்கிறது.

அமெரிக்காவில் சாமர்வில் என்ற ஊரில் 2002-ல் டஃப்ட்ஸ் பல்கலைக்கழகத்தார் இதை உணர்ந்தே வேலையைத் தொடங்கினார்கள். பெற்றோர், ஆசிரியர், நகராட்சி, உணவகக்காரர் எல்லாரையும் கூட்டித் திட்டம் போட்டார்கள். பள்ளிச் சாப்பாடு மாறியது, பிள்ளைகள் நடந்து வர வழி சரியானது. பக்கத்து ஊர்களோடு ஒப்பிட்டால் ஒரே பள்ளியாண்டில் எடை கூடுவது குறைந்தது. தனி ஒரு பிள்ளையைக் குறை சொல்லாமல் ஊரையே மாற்றினார்கள்.

நமக்கு இது புதுசில்லை. நெல் ஜெயராமன் 170-க்கும் மேற்பட்ட மரபு நெல் ரகங்களை மீட்டது எந்தக் கூடத்தில்? உழவர் வயலில். 2 கிலோ விதை வாங்கியவர் அடுத்த ஆண்டு 4 கிலோவாகத் திருப்பித் தரணும். ஆய்வு செய்தவரும் உழவர், பலன் கண்டவரும் உழவர்.

அடுத்த வாரம் பிள்ளைகளிடம் ஒரு வேலை கொடுத்தோம். பள்ளி வாசலிலிருந்து 50 மீட்டருக்குள் கொழுப்பும் உப்பும் சர்க்கரையும் மிகுந்த பண்டங்களை விற்கக் கூடாது என்று 2020-லேயே உணவுப் பாதுகாப்பு விதி வந்துவிட்டது. மருமகனும் கூட்டாளிகளும் வலைக்கயிற்றில் 50 மீட்டர் அளந்து முடிச்சுப் போட்டு, வாசலிலிருந்து பிடித்து, கடைகளை நோட்டில் எழுதினார்கள். அன்றைக்குத்தான் அவன் மறுபடி வெளியே வந்தான். கயிற்றின் முனையைப் பிடித்தவன் அவன்தான். நோட்டைத் தலைமையாசிரியரிடம் அம்மாமார்களே கொண்டுபோய்க் கொடுத்திருக்கிறார்கள்.

எனக்கும் ஒரு பாடம் கிடைத்தது. "ஒரு லிட்டரு எண்ணெ யாரால வாங்க முடியும்? நூறு நூறா குடு. கடலைய அவிச்சுப் பத்து ரூபா பொட்டலமா குடு" என்றார் எதிர்வீட்டு அம்மா. ரேசனில் பாமாயில் லிட்டர் 25 ரூபாய்க்குக் கிடைக்கும்போது என் எண்ணெய் அந்த அடுப்புக்குப் போகாது. ரேசனில் கடலெண்ணெயும் தேங்காயெண்ணெயும் கொடுங்கள் என்று நாம் கேட்பதை இதுவரை உழவர் விலைக்காக மட்டுமே பேசினேன். இனி அந்தத் தெருவுக்காகவும் பேசுவேன்.

இப்போது சனிக்கிழமை காலை வண்டி அங்கே அரைமணி நேரம் நிற்கிறது. அவித்த கடலை, சுண்டல், கீரை, நூறு மில்லி எண்ணெய். லாபம் குறைவுதான். பையன் எடை குறைந்ததா என்று கேட்காதீர்கள். வளர்கிற பிள்ளையைப் பட்டினி போடக் கூடாது, உயரத்தோடு சேர்த்துத்தான் எடையைப் பார்க்கணும் என்று மருத்துவர் சொல்லிவிட்டார். பொறுத்துப் பார்க்கிறோம்.

நண்பர்களே, உங்கள் வண்டியும் நகரத்துக்குப் போகிறது. போகிற வழியில் எந்தத் தெருவைத் தாண்டிப் போகிறீர்கள் என்று ஒரு தடவை பாருங்கள். இறங்கிக் கேளுங்கள்: பிள்ளைங்க காலையில என்ன சாப்பிடுது? எங்க விளையாடுது? எவ்வளவுன்னா வாங்க முடியும்? சொல்வதை அப்படியே எழுதி, நம் கூட்டத்துக்குக் கொண்டு வாருங்கள்.