குழந்தைக் கல்வியாய்வும் கோவை அறிஞரும்

கோவையில் குழந்தை வளர்ச்சி பற்றிய ஆய்வு மனையியலின் கிளையாகவே வேரூன்றியது. அதற்கு நிலைக்களமாகிய அவினாசிலிங்கம் மனையியற் கல்லூரி 1957-இல் தோன்றி, 1988-இல் நிகர்நிலைப் பல்கலைக்கழகமாயிற்று. அதனை நிறுவிய தி. சு. அவினாசிலிங்கம் (1903-1991) திருப்பூரிற் பிறந்தவர். 1930-இல் இராமகிருஷ்ண வித்தியாலயத்தைத் தொடங்கியவர். அவர் கல்வியமைச்சராயிருந்த காலத்திலேயே, 1946-இல், தமிழ் வளர்ச்சிக் கழகமும் எழுந்தது. கல்லூரியை நெடுங்காலம் வழிநடத்திய இராஜம்மாள் தேவதாஸ் ஊட்டவியல் அறிஞர். ஆகலின் குழந்தையின் கல்வியை அதன் உணவினின்றும் பிரித்துக் காணாதவர்.

இவ்விருவரோடு ஒருங்கு வைத்து எண்ணத்தக்கார் ஒருவர் உளர். மொடக்குறிச்சியை அடுத்த மஞ்சக்காட்டுவலசிற் பிறந்த பெரியசாமித் தூரன், கல்லூரி தோன்றுமுன்பே வித்தியாலயத்தில் ஆசிரியராய் விளங்கியவர். இசைப்பாடல்களால் அவரை அறிவார் பலர். ‘குழந்தை உள்ளம்’, ‘கருவில் வளரும் குழந்தை’ என்னும் நூல்களால் அறிவார் மிகச் சிலரே. அவரைத் தலைமைப் பதிப்பாசிரியராகக் கொண்டு தமிழ் வளர்ச்சிக் கழகம் குழந்தைகள் கலைக்களஞ்சியத்தைப் பத்துத் தொகுதிகளாக 1968 முதல் 1976 வரை வெளியிட்டது.

தூரன் தம் நூலொன்றிற்கு ‘அடிமனம்’ எனப் பெயரிட்டார். கல்லாத் தாயும் கேட்ட அளவில் ஒருவாறு உணரத்தக்க சொல் அது. பிற்காலப் பாடநூல்களில் வழங்கும் ‘நனவிலி’ அத்தகையதன்று. மனையியல் ஆய்வேடுகளோ பெரும்பாலும் ஆங்கிலத்திலேயே எழுதப்பெறுகின்றன. 1975-இல் தொடங்கிய ஒருங்கிணைந்த குழந்தை வளர்ச்சித் திட்டத்தின் அங்கன்வாடிப் பணியாளர் கொங்குநாட்டுத் தாயரிடம் பேசுவது தமிழில். இவ்விரண்டிற்கும் இடையே நிற்கும் தூரனின் உரைநடை நூல்கள் மொழியாராய்ச்சியாளரால் இன்னும் முறையே ஆராயத்தக்கன.